கேட்டபின் என்ன செய்வோம்? மூளை நலமும் பொதுமேடையும்

(தெல்லிப்பழையில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூளையைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பேச்சாளருக்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த ஓர் உறுப்பு, நாம் சும்மா இருக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அதில் உள்ள நரம்புக் கலங்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்று பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ ஹௌசெலின் குழு 2009 இல் கணக்கிட்டது. இப்படியே எண்களை அடுக்கிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். சபை வியக்கும், கைதட்டும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், சாய்மனைக் கதிரையில் இருக்கும் தகப்பனாரின் ‘பிறசர்’ மட்டும் பேச்சுக்கு முன் இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மூளை பற்றிய பொதுப்பேச்சு வியப்போடு முடியுமானால் அது பாதிப் பேச்சு. மூளையைத் தாக்கும் பெரிய நோய்களில் முதல் முடிவை எடுப்பவர் வைத்தியர் அல்லர். பக்கத்தில் நிற்கும் மகளோ, அயல்வீட்டுக்காரரோ, ஓட்டோ ஓட்டும் தம்பியோதான். அவருக்கு விளங்காத ஆராய்ச்சி எத்தனை மாநாட்டில் வாசிக்கப்பட்டாலும் நோயாளியை எட்டாது.

ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டு பணிகள்

பொதுப்பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதலாவது பிரசங்கத்தைச் செய்தார். பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் எதை உண்பது, எதை விடுவது, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பதை மாற்றிக்கொண்டார்கள். நடத்தையை மாற்றுவதுதான் அந்தப் பேச்சின் நோக்கம்.

அதே 1847 இல்தான் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். அமெரிக்க மிஷனின் பணி அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1816 இல், டானியல் பூவர் மூலம் இதே தெல்லிப்பழையில் தொடங்கியிருந்தது. கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, அங்கேயே மாணவர்களுக்குத் தமிழில் வைத்தியம் கற்பித்தார். இலண்டனில் 1858 இல் வெளியான கிறேயின் உடற்கூற்று நூல், 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் அச்சேறியது. மூளை, முண்ணாண், நரம்பு எல்லாவற்றையும் சொல்லும் நூல் அது. உடற்றொழிலியலுக்கு ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வந்தது.

நாவலரும் கிறீனும் சமயத்தில் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள். ஆனால், அறிவு மக்கள் மொழியில் மக்களிடம் போகவேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ‘மூளை விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமா’ என்று இன்றும் கேட்பவர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் மறுமொழி சொல்லியாகிவிட்டது.

பிற்காலத்தில் அந்த வழியில் வந்தவர் எழுத்தாளர் நந்தி. ‘மலைக்கொழுந்து’ நாவலை எழுதிய அதே பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் கற்பித்த அவர், உடல்நல நூல்களைச் சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு விளங்கும் தமிழில் எழுதினார். நாவல் எழுதும் கைக்கு, கேட்பவர் யார் என்பது எப்போதும் நினைவிருக்கும். வைத்திய மேடைகளில் நாம் அடிக்கடி மறப்பது அதைத்தான்.

பாரிசவாதம்: மணிக்கூட்டோடு ஓடும் நோய்

முதலில் பாரிசவாதம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. இருபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வரக்கூடும் என்பது உலகளாவிய மதிப்பீடு. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சையின்றிப் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006 இல் ஆய்வாளர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பயன் உண்டென்பதை 1995 இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. 2008 இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணித்தியாலம்வரை நீட்டியது. ஆனால் ஸ்கான் எடுத்து, இது அடைப்பா இரத்தக்கசிவா என்று தெரிந்துகொள்ளாமல் அதைக் கொடுக்க முடியாது. கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் ஆபத்து. அதனால்தான் வீட்டிலே அஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்கிறோம். விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். கோப்பியோ சோடாவோ பருக்க வேண்டாம். எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால், அவ்வளவு நேரமும் அந்த நாலரை மணித்தியாலத்திலிருந்துதான் கழியும். பரியாரியார் மீது குறை சொல்லவில்லை. பிறகு எதையும் செய்யலாம். முதற் சில மணித்தியாலம் ஸ்கான் உள்ள வைத்தியசாலைக்கு உரியது.

எப்படி அறிவது? சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள்: ஒன்று தாழ்ந்து விழுகிறதா? ஒரு வசனம் பேசச் சொல்லுங்கள்: குளறுகிறதா, சொல் வராமல் தடுமாறுகிறதா? மூன்றில் ஒன்று திடீரென வந்திருந்தாலும் உடனே 1990 ஐ அழையுங்கள். ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடமாகாணத்துக்கு வந்தது. 1990, தெல்லிப்பழை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் போரால் வீடுவாசலை விட்டு வெளியேறிய ஆண்டு. இந்த எண்ணை நினைவில் வைக்க இவ்வூரவருக்கு நான் வேறு வழி சொல்லத் தேவையில்லை. தெல்லிப்பழையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர். தூரம் நமக்குத் தடையில்லை. ‘விடியட்டும், பாப்பம்’ என்ற முடிவுதான் தடை.

இன்னொன்று. வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, ‘இவர் கடைசியாக நல்லாய் இருந்தது எத்தனை மணிக்கு?’ என்பதே. நேரம் தெரிந்தால்தான் ஊசி கொடுக்கலாமா என்று தீர்மானிக்கலாம். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, இங்கே தனியே வாழும் முதியவருக்கு அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல ஆள் இல்லை. இரவு படுத்தவரை மறுநாள் மத்தியானம் பால்காரர் கண்டால், கணக்கு முதல்நாள் இரவிலிருந்தே தொடங்கும். காலையும் மாலையும் யாராவது ஒருவர் படலையடியில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவதும் மூளைநலப் பணிதான்.

வருமுன் காப்பதிலோ செய்தி இன்னும் நல்லது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுப் முதலானோர் 32 நாடுகளில் நடத்திய ஆய்வு 2016 இல் வெளியானது. மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பாரிசவாத ஆபத்தில் ஏறத்தாழ 90 வீதத்துக்குப் பொறுப்பு என்று அது கண்டது. அவற்றில் உயர் இரத்த அழுத்தம் ஒன்றே ஏறத்தாழப் பாதி. அதற்கான குளிசை அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால், ‘பிறசர் சரியாய்ப் போச்சு எண்டு குளிசையை நிப்பாட்டிட்டன்’ என்று சொல்லாத வீடு இவ்வூரில் எத்தனை? குளிசை போட்டதால்தான் சரியாய் இருக்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறும். இந்த ஒரு வசனம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால் இந்த அறக்கட்டளை வைத்த முதல் வீண்போகாது.

கேள்வி கேட்கப்படாத ஒரு சொற்பொழிவு

அடுத்தது மறதிநோய். 1906 நவம்பர் 3 ஆம் திகதி, ஜேர்மனியின் தூபிங்கன் நகரில் தென்மேற்கு ஜேர்மனிய உளமருத்துவர்களின் கூட்டம். அலோய்ஸ் அல்ஸைமர் என்ற வைத்தியர் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். 1901 இல் பிராங்க்ஃபர்ட் வைத்தியசாலைக்கு வந்தபோது அவருக்கு வயது 51. நினைவு குழம்பியது, கணவன்மீது காரணமில்லாத சந்தேகம், எழுதத் தொடங்கினால் தன் பெயரே நடுவில் தொலைந்துபோனது. அவர் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்த அல்ஸைமர், கலங்களுக்குள் முறுகிய நார்களையும் வெளியே படிந்த திட்டுகளையும் விவரித்தார். பேச்சு முடிந்தது. தலைவர் கேள்விகளுக்கு அழைத்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரை அழைத்தார்கள்.

இன்று உலகெங்கும் அல்ஸைமர் நோய் என்று பேசப்படும் மறதிநோயின் முதல் அறிவிப்பு, நிபுணர்கள் நிறைந்த சபையில் இப்படித்தான் கடந்துபோனது. கல்விச்சபையின் கண்ணுக்குத் தப்பியது குடும்பத்தின் கண்ணுக்கும் தப்பும். அதற்கான சான்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1998 இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ‘10/66’ என்ற குழுவை அமைத்தார்கள். மறதிநோய் உள்ளவர்களில் 66 வீதமானோர் வளர்முக நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் 10 வீதங்கூட அவர்களைப் பற்றியதில்லை என்பதைப் பெயரிலேயே சொன்னார்கள். சென்னையும் வேலூரும் அவர்கள் ஆய்வு செய்த இடங்கள். 2008 இல் முடிவுகள் வந்தபோது ஒரு புதிர். வழக்கமான அளவுகோலின்படி இந்தியக் கிராமத்தில் 65 வயதைக் கடந்தவர்களில் மறதிநோய் 0.3 வீதம் மட்டுமே. கியூபாவிலோ 6.3 வீதம். நம் கிராமத்தவர் அவ்வளவு கொடுத்துவைத்தவர்களா?

இல்லை. அந்த அளவுகோல், ‘அன்றாட வேலைகளில் இவருக்குச் சிரமம் உண்டா’ என்று உறவினரைக் கேட்கிறது. நம் வீட்டிலோ மருமகள் சமைக்கிறாள், மகன் காசை எண்ணுகிறான், பேரன் கடைக்குப் போகிறான். வேலையே இல்லாதவருக்குச் சிரமம் எங்கே தெரியும்? ‘வயசு போட்டுது, அறளை பேந்திட்டுது’ என்று சொல்லி அன்போடு மூடிவிடுகிறோம். வளர்முக நாடுகளுக்கென்று வகுக்கப்பட்ட தங்கள் அளவுகோலை அதே குழு வைத்தபோது எண்ணிக்கை எல்லா இடங்களிலும் உயர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கே பல வீடுகளில் மூடிவைக்கவும் ஆள் இல்லை. ஞாயிறு மாலை தொலைபேசியில், ‘சாப்பிட்டாச்சா அம்மா, மழையா, கோயிலுக்குப் போனீங்களா’ என்ற அதே கேள்விகள். அம்மாவுக்கு அதே மறுமொழிகள் பாடம். நினைவு பாதி போன பிறகும் இந்த உரையாடலை ஒருவர் குறையில்லாமல் நடத்திவிடலாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: புதிதாக ஒன்றைக் கேளுங்கள். நேற்று யார் வந்தார்கள், இம்மாதம் மின்சாரக் கட்டணம் எவ்வளவு வந்தது, குளிசைப் பெட்டியில் எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12.4 வீதமானோர் அறுபதைக் கடந்திருந்தார்கள். இந்தக் கேள்விகளின் தேவை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும்.

மறதிநோயைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை பதினான்கு காரணங்களை எண்ணி, அவற்றை முழுதும் நீக்க முடிந்தால் ஏறத்தாழ 45 வீதமான மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இடமுண்டு என்கிறது. செவிப்புலன் குறைதலுக்கு 7 வீதம், கெட்ட கொழுப்புக்கு 7, இளமையில் கல்வி போதாமைக்கு 5, தனிமைக்கு 5. மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு ஒவ்வொன்றுக்கும் 3. சலரோகம், புகைத்தல், உயர் அழுத்தம், பார்வைக் குறைபாடு முதலியனவும் உண்டு.

இந்தப் பட்டியலை இவ்வூரில் நின்று வாசித்துப் பாருங்கள். காது கேளாதவருக்குக் கருவி வாங்குவதை நாம் ஆடம்பரமாக நினைக்கிறோம். 2023 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், செவிக்கருவி கொடுத்ததால் எல்லோருக்கும் பயன் தெரியவில்லை. ஆனால் ஆபத்துக் கூடிய முதியவர்களிடம் மூன்று ஆண்டில் அறிவாற்றல் குறையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகத் தணிந்தது. கல்வியும் தனிமையும் மனச்சோர்வும் இடம்பெயர்ந்த மக்களுக்குச் சொந்த அனுபவம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற நூலில் 1998 இலேயே போரின் உளத்தாக்கத்தைப் பதிவுசெய்தார். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு அவரும் பணியாற்றிய இடம். மனநலம் வேறு, மூளைநலம் வேறு என்ற பிரிப்பு இந்தப் பட்டியலின் முன் நிற்காது. மனச்சோர்வுக்கு மருந்தெடுக்கப் போவதை மறைக்கும் ஊரில் மறதிநோயும் மறைந்தே வளரும்.

சில செய்திகள், சுருக்கமாக

தலைக்காயம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிவது தலைக்காய ஆபத்தை 69 வீதமும் மரண ஆபத்தை 42 வீதமும் குறைக்கிறது என்று 2008 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். பொலிசைக் கண்டதும் எடுத்துப் போடுவதற்கல்ல அது. பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு தலை உண்டு.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பதால் ஒன்றும் நடக்காது. வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ். முறையான மருந்து எடுத்தால் வலிப்பு நோயாளரில் 70 வீதம்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை மறைத்துக் கலியாணம் பேசுவதும், மருந்தை ஒளித்துவைப்பதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கேடு.

போரில் காலிழந்தவர்களில் பலர், இல்லாத கால் வலிக்கிறது என்பார்கள். அது மனப்பிரமையல்ல. கால் போனாலும் மூளையில் அதற்குரிய இடம் போய்விடுவதில்லை. சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையின் விம்பத்தை இழந்த கை இருந்த இடத்தில் காணச் செய்தார். சிலருக்கு வலி தணிந்தது. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான். இதையெல்லாம் அவர் 2003 இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில் சாதாரண மக்களுக்கு விளக்கினார். ஜெய்ப்பூர்க் கால் அணிந்து நடக்கும் நம்மவருக்கு யார் எப்போது விளக்கினோம்?

ஆராய்ச்சி பட்ட கடன்

பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தாரணி’ என்ற பெயரில் கருவிலுள்ள சிசுவின் மூளைக்கு ஒரு பட ஏட்டை வெளியிட்டது. 5,132 மெல்லிய வெட்டுகளின் படங்கள். எந்நாட்டு ஆய்வாளரும் இலவசமாகப் பார்க்கலாம். மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நான் வியப்புக்கு எதிரியல்லன். இளையவரை இத்துறைக்கு இழுப்பது வியப்புத்தான்.

ஆனால் ஆய்வு மாநாடுகளுக்கு ஒரு கடன் உண்டு. ஊர் மக்களிடம் இரத்தம் எடுக்கிறோம், வினாக்கொத்து நிரப்புகிறோம், நினைவைச் சோதிக்கிறோம். முடிவை ஆங்கிலத்தில் வாசிக்கிறோம். சான்றிதழ் வாங்கி, தேநீரோடு கலைகிறோம். தரவு கொடுத்த ஆச்சிக்கு, தன் நினைவு எப்படியிருந்தது என்பதுகூடத் தெரியாது. அவரைத் தரவாகக் கொள்ளும் உரிமை எமக்கு இருந்தால், அதன் பயனைக் கேட்கும் உரிமை அவருக்கும் இருக்கிறது.

இந்த மேடையிடம் ஐந்து வேண்டுகோள்கள்

இந்த ஊரிலேயே முன்மாதிரி உண்டு. சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் பேச்சாற் புகழ்பெற்றவர். ஆனால் அவருடைய பேச்சு கோயில் மண்டபத்தோடு நிற்கவில்லை; ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லமாக எழுந்து நின்றது. அந்த வழியில் சிலவற்றைக் கேட்கிறேன்.

ஒன்று, இனி மூளைநலச் சொற்பொழிவு நடக்கும் நாளில் மண்டப வாசலில் இரண்டு தாதியர் இருந்து வருவோரின் இரத்த அழுத்தத்தை அளந்து, எண்ணைக் கையில் எழுதிக் கொடுக்கட்டும். தன் எண்ணைக் கையில் வைத்திருப்பவர் பேச்சை வேறுவிதமாகக் கேட்பார்.

இரண்டு, நேரத்தில் பாதி கேள்விக்கு. சபையில் எழுந்து கேட்கக் கூச்சப்படும் தாய்மாருக்காகச் சிறு துண்டுக் கடதாசிகளைச் சுற்றுக்கு விடுங்கள். வலிப்பையும் மனச்சோர்வையும் பற்றிய கேள்விகள் பெயரில்லாமல்தான் வரும்.

மூன்று, மக்களை மண்டபத்துக்கு அழைப்பதைவிட மக்கள் கூடும் இடத்துக்குப் பேச்சைக் கொண்டுபோவது மேல். திருவிழா நாட்களில் பத்து நிமிடம், சனசமூக நிலையத்தில் அரை மணி, மகாஜனாக் கல்லூரியிலும் யூனியன் கல்லூரியிலும் காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம். வாய், கை, பேச்சு, 1990 என்பதைப் பத்து வயதுப் பிள்ளை கற்றால், பேரனோடு தனித்திருக்கும் பாட்டிக்கு அதுவே காவல்.

நான்கு, இப்பகுதியில் தரவு சேகரிக்கும் ஒவ்வோர் ஆய்வாளரும் முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதி, தரவு சேகரித்த ஊரிலேயே வாசிக்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும்போதே இதைக் கேட்டு வாங்கலாம்.

ஐந்து, கணக்கு வையுங்கள். பேச்சுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ண வேண்டாம். அழுத்தம் கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் கிளினிக்குக்குப் போனார்கள், ஆறு மாதத்தின் பின்னும் எத்தனை பேர் குளிசையைத் தொடர்கிறார்கள், பாரிசவாதம் வந்தவர்களில் எத்தனை பேர் நேரத்தோடு வைத்தியசாலை சேர்ந்தார்கள் என்பவற்றை எண்ணுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் ஆதார வைத்தியசாலையும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்தால் இது செய்ய முடியாத காரியமல்ல. முதல் ஆண்டுக் கணக்கு ஏமாற்றம் தரலாம். தந்தால் எங்கள் பேச்சில் எது எடுபடவில்லை என்பது தெரியும். அடுத்த பேச்சைத் திருத்திக்கொள்வோம்.

அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருபவர் யாராக இருந்தாலும், அவரைப் பேசவிடுவதற்கு முன் அந்தக் கணக்கை வாசித்துவிடுங்கள். அவர் என்ன பேசவேண்டும் என்பது அதிலிருந்து அவருக்கே விளங்கும். இப்போது துண்டுக் கடதாசிகள் வரட்டும். எஞ்சிய நேரம் உங்களுடையது.